அவுட்போர்டு வாங்கும் முன் பக்கத்துப் படகைப் பாருங்கள்

சின்ன ஃபைபர் படகுக்கு எந்த அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும் இன்ஜின்) நல்லது என்று கடையில் கேட்டால் குதிரைசக்தியும் விலையும் சொல்வார்கள். கரையில் வரிசையாகப் படகு நிறுத்துகிறவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: "நம்ம வரிசையில எது ஓடுதோ அதையே வாங்குப்பா." எங்கள் தீர்ப்பும் அதுவே. கையால் இழுத்துக் கிளப்பும் 8 முதல் 10 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, கரையிலிருந்து தள்ளிப் புறப்படும் படகுக்கு நல்ல பொருள். ஆனால் அதன் உதிரிபாகம், பழுது தெரிந்த கை, நடுக்கடலில் நின்றுபோனால் நீளும் கயிறு எல்லாம் பக்கத்துப் படகுக்காரரிடம் இருக்கின்றன. இன்ஜினோடு அவரையும் சேர்த்து மதிப்பிடாமல் விலை பேசுவதில் அர்த்தமில்லை.

முதலில் பொருள். யமஹாவின் 8 குதிரைசக்தி எண்டூரோவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர், 165 சி.சி., எடை சுமார் 27 கிலோ. ஒருவர் தோளில் தூக்கி மணலில் நடந்துவிடலாம். இந்த வகைக்கு இதுதான் பெரிய பலம். கரையில் நிறுத்தும் படகில் இன்ஜினை ராத்திரி விட்டுவைக்க முடியாது. தினமும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அதே சக்தியுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் இதைவிட எடை கூடியது. படுக்கவைக்கும் பக்கம் மாறினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் கவலை இல்லை. குறை என்றால் எண்ணெய்ச் செலவு, அதாவது எரிபொருள். முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடிக்கும். முக்கால் வேகத்துக்கு இறக்கினால் வேகம் கொஞ்சம்தான் குறையும், எண்ணெய் நன்றாக மிச்சமாகும். வலை விடப் போகிற அவசரத்தில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தண்டின் நீளத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. குட்டைத் தண்டு 15 அங்குலம், நீளத் தண்டு 20 அங்குலம். இன்ஜின் மாட்டும் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிப்பாகம் வரை நேராக அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். மேலே நின்றால், அலை முகட்டில் ஏறும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும், இன்ஜின் வீறிட்டுச் சுற்றும், படகு நகராது. அலை உடையும் இடத்தில் இரண்டு நொடி அப்படி நின்றாலே படகு குறுக்கே திரும்பிவிடும். ரொம்பக் கீழே போனாலும் சரியில்லை. தண்ணீர் இழுவை கூடும், ஆழமில்லாத இடத்தில் மணலில் தட்டும். இன்ஜினை இறுக்கும் பிடிதிருகை மட்டும் நம்பாமல் பின்பலகையில் ஒரு துளை போட்டு துருப்பிடிக்காத போல்ட் ஒன்று, அதோடு 8 மில்லிமீட்டர் கயிற்றால் படகோடு ஒரு கட்டு. இன்ஜின் கழன்று விழுந்தாலும் கயிற்றில் தொங்கும்.

எண்ணெய்க் கலவையில்தான் இன்ஜின் பிழைப்பதும் சாவதும். 50:1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 10 லிட்டருக்கு 200, 24 லிட்டர் டேங்குக்கு 480. புது இன்ஜினுக்கு முதல் 10 மணி நேரம் இரண்டு மடங்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. அந்த 10 மணி நேரமும் முழு வேகம் கூடாது. ஆயில் டப்பாவில் அவுட்போர்டு ஆயிலின் தரக்குறியான டி.சி.-டபிள்யூ3 இருக்கிறதா பாருங்கள். பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் மலிவு என்று ஊற்றாதீர்கள். அது காற்றில் குளிரும், சூடாக ஓடும் இன்ஜினுக்கானது. கடல்நீரில் குளிரும் அவுட்போர்டில் அது சாம்பலாகப் படிந்து ஸ்பார்க் பிளக்கை அடைக்கும். கலக்கும்போது ஆயிலை முதலில் விட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். டேங்க் நிறைந்த பின் மேலே ஆயில் விட்டால் முழுதாகக் கலக்காது.

இங்கேதான் கரையின் நட்பு ஆபத்தாகவும் மாறக்கூடும். நடுக்கடலில் பெட்ரோல் தீர்ந்தவருக்கு யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கேனைத் தூக்கி நீட்டிவிடுவார்கள். கொடுப்பவர் ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருந்தால் அந்தக் கேனில் இருப்பது வெறும் பெட்ரோல். வாங்கியவர் அப்படியே ஊற்றி ஓட்டினால் சில நிமிடத்தில் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும். நல்ல மனசோடு கொடுத்த எண்ணெயே இன்ஜினைக் கொன்றதாகும். ஆகவே ஆயில் கலந்த கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவது என்று வரிசை முழுக்கப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு டூ-ஸ்ட்ரோக் படகிலும் 200 மில்லி ஆயில் புட்டி ஒன்று தனியாகக் கிடக்கட்டும். வெறும் பெட்ரோல் 10 லிட்டர் கிடைத்தாலும் அங்கேயே கலந்துகொள்ளலாம். தவறி, ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குள் கலவை போய்விட்டால் புகை வரும், பிளக் கறுக்கும், ஆனால் கரை வந்து சேரலாம். ஆபத்து மறுபக்கம்தான்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்தால் நீர் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். பழைய ரப்பர் குழாயும் கையால் அமுக்கும் பம்பும் ஊறி வெடிக்கின்றன. நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போடுவது கட்டாயம் என்றே சொல்வோம். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மிஞ்சினால் பக்கத்துப் படகில் ஊற்றி ஓடவிட்டு, அடுத்த வாரம் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கல் நன்றாக நடக்கும் வரிசையில் பழைய பெட்ரோல் தேங்குவதே இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் வகை வாங்குகிறவர்கள், பதிவு செய்த படகுக்குக் கிடைக்கும் மானிய மண்ணெண்ணெயைக் கணக்கில் வைத்து வாங்குகிறார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும். கார்பரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்தே தோள் போய்விடும்.

அவுட்போர்டின் பலவீனமான உறுப்பு இம்பெல்லர். தண்ணீரை மேலே தள்ளும் சின்ன ரப்பர்ச் சக்கரம் அது. துறைமுகத்தில் கட்டும் படகில் நீண்ட காலம் உழைக்கும். மணற்கரையிலிருந்து புறப்படும் படகில் உழைப்பு குறைவு, ஏனென்றால் அலை கலக்கிய மணல் உள்ளே போய் இதழ்களைத் தேய்க்கிறது. இன்ஜின் ஓடும்போது பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வெதுவெதுப்பாக, கம்பி போல விழ வேண்டும். மெலிந்தால் நிறுத்தி, அந்தத் துளையில் வலை நரம்பு விட்டுக் குத்திப் பாருங்கள். பல நேரம் உப்பும் மணலும் அடைத்திருக்கும். அதற்கும் சரியாகாவிட்டால் இம்பெல்லர்தான். மாற்றும்போது பழையதில் இதழ் ஏதாவது உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு குழாய்க்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். தேடி எடுக்காமல் புதியதை மாட்டினால் மறுவாரமும் சூடாகும். வருடத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, கையிருப்பாக இன்னொன்றும் வையுங்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். செய்கிறவர்கள் குறைவு, காரணம் தண்ணீர்ப் பஞ்சம். நான்கு படகுக்குப் பொதுவாக ஒரு 200 லிட்டர் டிரம், வாயை அகலமாக வெட்டியது, இன்ஜினை மாட்ட மரச்சட்டம் ஒன்று, போதும். அந்தக் கிடைத்தகடு மூழ்கும் அளவு நீர் இருக்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கியர் போடாமல் ஓட்டுங்கள். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கத் தொடங்கியதும் நீரை மாற்றிவிடுங்கள். இப்படி ஒரு டிரம் வைத்த வரிசையில் எல்லா இன்ஜினும் நீண்டு உழைக்கும், ஏனென்றால் ஒருவர் கழுவும்போது மற்றவருக்கும் கழுவத் தோன்றும்.

புரொப்பெல்லரை 15 நாளுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வலை நரம்பு சுற்றி உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அடையாளம் கியர் ஆயிலில் தெரியும். அடித்திருகை லேசாகத் தளர்த்தினால் வரும் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக அழுத்தி ஏற்ற வேண்டும், மேல்துளையில் வழியும்வரை. முதலில் மேல்திருகை மூடி, அப்புறம் கீழே குழாயை எடுத்து மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்து பாதிதான் நிறையும். இரண்டு திருகுக்கும் வாஷர் புதிது போடுங்கள், சில ரூபாய்தான். நீருக்குள் இருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றவும். அதன்மேல் பெயின்ட் அடித்து அழகு பார்க்கிறவர்கள் உண்டு; அடித்தால் அது வேலை செய்யாது, அதற்குப் பதில் இன்ஜினின் அலுமினியம் அரிக்கும்.

சரி, இதே பணத்துக்கு, நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் இருக்கும் டீசல் மிஷின் வாங்கலாமே என்று கேட்பார்கள். சோழமண்டலக் கரையில் அதுதான் அதிகம். காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். இம்பெல்லரே இல்லை, மணலுக்குப் பயமில்லை, எண்ணெய்ச் செலவு கணிசமாகக் குறைவு. வயலில் பம்புசெட் பழுது பார்ப்பவரே இதையும் பார்த்துவிடுவார். கனம், அதிர்வு, காதைக் கிழிக்கும் சத்தம் ஆகியவை குறைகள். இரண்டில் எது உயர்ந்தது என்று எங்களைக் கேட்டால், உங்கள் கரையில் 30 படகில் 28 டீசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்குங்கள் என்போம். அங்கே அவுட்போர்டு வாங்கினால் பிளக் ஒன்று போனாலும் டவுனுக்குத்தான் ஓட வேண்டும். அவுட்போர்டுக்குள்ளேயும் இதே கணக்குதான். ஒரு நிறுவனத்தின் இம்பெல்லரும் புரொப்பெல்லரும் இன்னொரு நிறுவனத்தின் தண்டில் உட்காராது. ஒரே நிறுவனத்திலும் சக்தி மாறினால் பாகம் மாறும். ஐயாயிரம் ரூபாய் குறைவு என்று புதுப் பெயர் ஒன்றை வாங்கி வருகிறவர், வரிசையின் பொது உதிரிபாகப் பெட்டியிலிருந்து தானாகவே வெளியே போய்விடுகிறார். யாரும் தள்ளிவைப்பதில்லை, அவருக்குப் பொருந்துகிற பாகம் எதுவும் அதில் கிடையாது, அவ்வளவே.

அந்தப் பொதுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டுப் பத்துப் படகு சேர்ந்து ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி: பிளக் நான்கு (இடைவெளி 0.9 முதல் 1.0 மில்லிமீட்டர்), பிளக் சாவி, இம்பெல்லர் இரண்டு, பம்ப் கேஸ்கெட், புரொப்பெல்லரைத் தண்டோடு பூட்டும் ஊசி (பின்) பத்து, கிளப்பும் கயிறு 2 மீட்டர், கையால் அமுக்கும் பம்போடு எண்ணெய்க் குழாய் ஒரு செட், கியர் ஆயில், கிரீஸ், நிறுத்துச் சாவியின் (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது) கிளிப் இரண்டு. ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். சட்டம் ஒன்றே: எடுத்தவர் ஒரு வாரத்துக்குள் புதியது வாங்கி வைக்க வேண்டும், பழையதைக் கழுவித் திருப்பி வைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டம் தளர்ந்தால் ஆறு மாதத்தில் பெட்டி முழுக்கத் தேய்ந்த இம்பெல்லரும் கறுத்த பிளக்கும்தான் கிடக்கும். பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் தட்டினால் முகம் சுளிக்காத வீடாக இருக்க வேண்டும். பெரும்பாலும் கரையில் நிற்கும் பெரியவர் ஒருவர் வீடுதான் அதற்குச் சரி. கடலுக்குப் போவதை நிறுத்தியிருப்பார், ஆனால் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று சொல்லிவிடுவார்.

இனி எல்லாருடைய கையும் தேவைப்படும் வேலை. அலையில் படகு கவிழ்ந்து இன்ஜின் முழுகிவிட்டது. கடல்நீர் பட்ட உள்பாகம் காற்றுப் பட்டதும் துருவேறத் தொடங்கும். கையில் இருப்பது இரண்டு மூன்று மணி நேரம். இரண்டு பேர் இன்ஜினைத் தூக்க, ஒருவர் நல்ல தண்ணீர் கொண்டுவர, ஒருவர் பெட்டிக்கு ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுகியதா, நிறுத்திய பின் முழுகியதா என்று முதலில் கேளுங்கள். ஓடும்போது நீரை உறிஞ்சியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், ஏனென்றால் நீரை அமுக்க முடியாது. மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். இரண்டு பிளக்கையும் எடுத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, கிளப்பும் கயிற்றை மெதுவாக எட்டுப் பத்து முறை இழுங்கள். உள்ளே நறநறவென்றாலோ இடித்தாலோ உடனே நிறுத்துங்கள். மணல் போயிருக்கிறது, மெக்கானிக் பிரித்துத்தான் ஆக வேண்டும். சுலபமாகச் சுற்றினால் கார்பரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து நீரைக் கொட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, மறுபடி சுற்றி, புதுப் பிளக்கும் புதுக் கலவையும் போட்டுக் கிளப்புங்கள். கிளம்பினால் அரை மணி நேரமாவது ஓடட்டும், உள்ளே உள்ள ஈரம் அப்போதுதான் போகும்.

கிளம்பவில்லை, மெக்கானிக் நாளைதான் வருவார் என்றால், வெயிலில் காயவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நல்ல தண்ணீர் டிரம்முக்குள் இன்ஜினை முழுதாக அமிழ்த்தி வைத்துவிடுங்கள். காற்றுப் படாதவரை துரு மெதுவாகத்தான் ஏறும்.

நின்றுபோன படகைக் கட்டி இழுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 12 மில்லிமீட்டர் கயிறு, 30 மீட்டர். இழுபடும் படகின் அணியத்தில் (முன்முனையில்) உள்ள வளையத்தில் கட்டுங்கள், இன்ஜின் பிடியில் ஒருபோதும் கட்டாதீர்கள். இழுக்கும் படகில் பின்பக்கம் இரண்டு மூலையிலும் கயிறு கட்டி நடுவில் கூட்டினால் இன்ஜினில் உரசாது, திருப்பவும் முடியும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி கயிற்றை நீட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் கயிறு வெட்டி இழுத்து அறும். இழுபடும் படகில் ஆட்கள் பின்னால் உட்கார வேண்டும், இன்ஜின் தூக்கியிருக்க வேண்டும். உடையும் அலைக்குள் இழுத்துக்கொண்டு வராதீர்கள். வெளியே நங்கூரம் போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, அலை தணிந்ததும் துடுப்போடு கொண்டுவருவதுதான் முறை. இழுத்து வந்தவருக்குக் கூலி கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஆன எண்ணெயை, அவருடையது டூ-ஸ்ட்ரோக் என்றால் ஆயிலும் கலந்து, அன்று மாலையே அவர் கேனில் நிரப்பி வைப்பதுதான் மரியாதை. எண்ணெயைக் கணக்கிடும்போது போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இன்னொரு பங்கு கையிருப்பு என்பார்கள். அந்த மூன்றாம் பங்கு பெரும்பாலும் வேறொருவருடைய படகை இழுக்கத்தான் செலவாகிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில், 2018 ஆகஸ்டில் கேரளத்தில், 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம், கடலோர மக்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனது இந்தச் சிறு படகுகளைத்தான். ஒக்கி புயல் அடித்த 2017இல், கரையேறாதவர்களைத் தேடிக் குமரிக் கரையிலிருந்து போனவர்களும் சக மீனவர்களே. தெருவெள்ளத்துக்குள் அவுட்போர்டு கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பிளாஸ்டிக் பை நீர் உறிஞ்சும் சல்லடையை மூடிவிடும், கேட்டும் வண்டியும் நீருக்கடியில் புரொப்பெல்லரை உடைக்கும். புரொப்பெல்லர் ஊசி பத்தும் துடுப்பு இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். ஆழம் குறைந்தால் இன்ஜினை மேலே சாய்த்துவிட்டு வலித்துப் போகலாம். அவுட்போர்டுக்கு அது பெரிய வசதி. திரும்பி வந்ததும் கியர் ஆயிலையும் இம்பெல்லரையும் மாற்றியே ஆக வேண்டும்.

பராமரிப்புக்கு நாள் ஒதுக்குவதும் வரிசையாகச் சேர்ந்து செய்தால்தான் நடக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்று பழுது பார்த்துக்கொள்கின்றன. சிறு படகுக்கு அந்தக் கட்டாய ஓய்வு கிடையாது. வருடம் முழுக்க ஓடி, நின்றபின்தான் பார்க்கிறோம். வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாட்கள் வரும். அந்த நாளில் பத்து இன்ஜினையும் ஒரே இடத்தில் வைத்துப் பிரித்தால் மெக்கானிக்குக்கும் ஒரே நடை, பாகமும் மொத்தமாக வாங்கலாம். கற்றுக்கொள்கிற பையன்களுக்கும் அதுதான் பள்ளிக்கூடம்.

பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் அதே வரிசையில் ஓடியதை வாங்குங்கள். எத்தனை முறை முழுகியது, யார் பிரித்தார் என்று கரைக்கே தெரியும். வெளியூர்ச் சரக்கு என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓட்டுபவர் தன்மேல் மாட்டிக்கொள்ள வேண்டிய நிறுத்துச் சாவியின் சுருள்கயிற்றைக் கம்பியால் கட்டிப்போடும் பழக்கத்தை எங்களால் ஏற்க முடியாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகு ஆளில்லாமல் சுற்றி அவர்மேலேயே வரும். கிளிப் தொலைந்ததுதான் காரணம் என்றால் பெட்டியில் இருக்கிறது, எடுத்து மாட்டுங்கள்.

புறப்படும் முன் பக்கத்துப் படகுக்காரரிடம் நான்கு விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எத்தனை பேர், எந்தப் பக்கம் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்கு, எவ்வளவு எண்ணெய், எப்போது திரும்புவீர்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் அவர் போனில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவரிடம் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். களைப்பில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், அவர் இருட்டில் உங்களைத் தேடப் படகைத் தள்ளிக்கொண்டிருப்பார்.